அதிபர் நியமித்தவர்களே அதிபரைத் தடுத்தார்கள்

1861 மே 28. பால்டிமோர் நகரில், மெக்ஹென்றி கோட்டையின் வெளிவாசலில் ஒரு நீதிமன்ற அதிகாரி வந்து நின்றார். கையில் அமெரிக்கத் தலைமை நீதிபதி பிறப்பித்த ஆணை. ஜெனரல் ஜார்ஜ் கேட்வாலடர் நீதிமன்றத்தை அவமதித்திருக்கிறார், அவரைப் பிடித்து வந்து நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதிகாரி தன் பெயர் அட்டையை உள்ளே கொடுத்தனுப்பினார். பதில் எதுவும் இல்லை என்று தகவல் வந்தது. அவரை உள்ளே விடவே இல்லை. வந்த வழியே திரும்பிப் போனார்.

ஆணையைப் பிறப்பித்தவர் ரோஜர் டானி. அப்போது அவருக்கு 84 வயது. ஜெனரலின் பின்னால் இருந்தவர் ஆபிரகாம் லிங்கன்.

உள்நாட்டுப் போர் தொடங்கி ஏழு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. தலைநகர் வாஷிங்டனை மூன்று பக்கமும் மேரிலாந்து மாநிலம் சூழ்ந்திருந்தது. நான்காவது பக்கம் பிரிந்துபோன வர்ஜீனியா. ஏப்ரல் 19 அன்று தலைநகரைக் காக்க ரயிலில் வந்த மாசசூசெட்ஸ் படையினரைப் பால்டிமோர் தெருக்களில் கும்பல் தாக்கியது. ரயில் பாலங்கள் எரிக்கப்பட்டன. தலைநகரே துண்டிக்கப்படும் நிலை. ஏப்ரல் 27 அன்று, ஃபிலடெல்பியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலான வழித்தடத்தில் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைக்க ராணுவத்துக்கு லிங்கன் அனுமதி கொடுத்தார். யாரையும் பிடிக்கலாம், எதற்காகப் பிடித்தீர்கள் என்று எந்த நீதிபதிக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப் பிடிக்கப்பட்டவர்தான் ஜான் மெர்ரிமன். வசதியான விவசாயி, உள்ளூர் குதிரைப்படையில் லெப்டினன்ட். பாலங்களை எரித்ததில் பங்கு உண்டு என்ற சந்தேகத்தில் மே 25 அதிகாலை இரண்டு மணிக்கு அவரை வீட்டிலேயே ராணுவம் கைது செய்தது. அவருடைய ஆட்கொணர்வு மனு டானியிடம் போனது. ஆளைக் கொண்டுவா என்றார் டானி. ஜெனரல் தன் துணை அதிகாரியை மட்டும் அனுப்பி, அதிபரிடம் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்டார். அதன்பிறகுதான் அந்த அவமதிப்பு ஆணையும், கோட்டை வாசலில் நடந்ததும்.

டானி தீர்ப்பு எழுதினார். கலகம் அல்லது படையெடுப்பின்போது இந்த உரிமையை நிறுத்திவைக்கலாம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் அந்த வரி இருப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரங்களைச் சொல்லும் முதல் பிரிவில். ஆகவே அது காங்கிரஸின் கையில் உள்ள அதிகாரம், அதிபருடையது இல்லை. தீர்ப்பின் நகலை லிங்கனுக்கே அனுப்பிவைத்தார். லிங்கன் நேரடியாகப் பதில் எழுதவில்லை. ஜூலை 4 அன்று காங்கிரஸுக்கு அனுப்பிய உரையில்தான் அதைத் தொட்டார். ஒரே ஒரு சட்டம் மீறப்படக் கூடாது என்பதற்காக மற்ற எல்லாச் சட்டங்களும் செத்துப்போக, அரசாங்கமே சிதறிப்போக விடுவதா என்று கேட்டார்.

இதில் யார் பக்கம் நிற்பது என்பது எளிதான கேள்வி இல்லை. டானி யார்? கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் எழுதியவர். லிங்கன் யார்? அந்த நாட்டைச் சிதறாமல் காத்தவர். ஆனாலும் அன்றைய சட்டக் கேள்வியில் டானியின் வாதத்துக்கு வலு இருந்தது. காங்கிரஸே 1863 மார்ச்சில் தனிச் சட்டம் போட்டு லிங்கனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. மெர்ரிமன் 1861 ஜூலையிலேயே கோட்டையிலிருந்து வெளியே வந்துவிட்டார். தேசத்துரோகக் குற்றச்சாட்டு பதிவானது. விசாரணை நடக்கவே இல்லை.

கோட்டை வாசலில் நடந்தது அமெரிக்கச் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வியை அப்பட்டமாகக் காட்டுகிறது. நீதிமன்றத்துக்கென்று படை கிடையாது; அதன் ஆணையை எடுத்துக்கொண்டு போகும் மார்ஷல்கூட நிர்வாகத்தின் கீழ் வருபவர். அதிபரிடம் படை, போலீஸ், கஜானா எல்லாம் உண்டு. அப்படியானால் சட்டம் ஜெயித்த சமயங்களில் அது எப்படி ஜெயித்தது? பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். அதிபரே பொறுக்கியெடுத்து நியமித்த ஒருவர், அவர் எதிர்பார்த்ததைச் செய்ய மறுத்தார்.

லிங்கனின் நண்பர் எழுதிய தீர்ப்பு

போர் முடிந்தது. லிங்கன் கொல்லப்பட்டுவிட்டார். இந்தியானா மாநிலத்து வழக்கறிஞர் லாம்ப்டின் மில்லிகனின் வழக்கு 1866இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. போர்க்காலத்தில் சதி செய்ததாகச் சொல்லி ராணுவ ஆணையம் அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. இந்தியானாவில் போர்முனை இல்லை. சிவில் நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் டேவிஸ். இல்லினாய்ஸில் லிங்கன் வக்கீலாக இருந்த காலம் முதல் அவரை அறிந்தவர். 1860இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் லிங்கன் வேட்பாளராவதற்கு இரவு பகலாக வேலை பார்த்தவர். 1862இல் லிங்கனே அவரை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினார். இவ்வளவு கடன்பட்ட மனிதர், சிவில் நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமகனை ராணுவ ஆணையம் விசாரிக்க முடியாது என்றும், சாசனம் போர்க்காலத்துக்கும் அமைதிக்காலத்துக்கும் ஒரே சட்டம்தான் என்றும் எழுதினார். மில்லிகனை விடுவிப்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் லிங்கன் நியமித்தவர்கள்.

தீர்ப்பு போர் முடிந்தபின் வந்தது என்பது உண்மை. குண்டுகள் பறக்கும்போது இதே டேவிஸ் இதையே எழுதியிருப்பாரா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் பின்னால் வந்த எந்த அதிபரும் அந்தத் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

செரோக்கி மக்களுக்கு யாரும் கிடைக்கவில்லை

மறுப்பவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பழைய சம்பவம் ஒன்று உண்டு.

சாமுவேல் வூஸ்டர் ஒரு பாதிரியார். ஜார்ஜியா மாநிலத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் தங்கினார் என்று அவருக்கு நான்கு ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1832 மார்ச் 3 அன்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார்: செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது. அது தனித்த ஒரு சமூகம். அதோடு உறவாடும் பொறுப்பு கூட்டாட்சி அரசுக்கு மட்டுமே.

அப்போது அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், முடிந்தால் அவரே அமல்படுத்தட்டும் என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு வாசகம் பாடப் புத்தகங்கள்வரை பரவியிருக்கிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே அது அச்சில் வந்தது. சட்டப்படி பார்த்தால் தீர்ப்பு ஜார்ஜியாவுக்குத்தான் உத்தரவிட்டது. ஜாக்சன் மீறுவதற்கு அவர் பெயருக்கு ஆணை எதுவும் வரவில்லை. அவர் செய்தது சும்மா இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பழங்குடியினரை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தை ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியிலிருந்து எதிர்த்து வாக்களித்த ஒரே காங்கிரஸ் உறுப்பினர் டேவி கிராக்கெட். அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். அதிகாரத்தில் இருந்த வேறு யாராலும் ஜாக்சனைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. 1835இல் செரோக்கிகளில் ஒரு சிறு குழுவிடம் மட்டும் கையெழுத்து வாங்கி ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. செனட்டில் அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு வாக்கில்தான் கிடைத்தது. 1838இல் ராணுவம் வந்தது. சுமார் 16,000 பேர் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலுமாகச் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு வாக்கில் தப்பியவர்

சட்டமே தவறாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு. லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளுக்குத் தொடர்ந்து முட்டுக்கட்டை போட்டார். அவரைக் கட்டிப்போட நினைத்த காங்கிரஸ் 1867இல் ஒரு சட்டம் இயற்றியது. செனட் ஒப்புதலோடு நியமிக்கப்பட்டவரை செனட்டைக் கேட்காமல் அதிபர் நீக்கக் கூடாது என்றது அது. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டான்டனை நீக்கினார். ஸ்டான்டன் நாற்காலியை விடவில்லை. அலுவலகத்திலேயே வாரக்கணக்கில் தங்கிவிட்டார். மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை ஜான்சன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது.

மே 16 அன்று செனட்டில் வாக்கெடுப்பு. குற்றவாளி என்று 35 பேர். இல்லை என்று 19 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது. ஜான்சனைக் கொஞ்சமும் பிடிக்காத ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்கள் அவரைக் காப்பாற்றிய பக்கம் வாக்களித்தார்கள். அந்தச் சட்டம் சாசனத்துக்கு முரணானதே என்று 1926இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட், ஒருகாலத்தில் தானே அதிபராக இருந்தவர். ஜான்சனின் அரசியல் எவ்வளவு கொடுமையானது என்றாலும், அவரை வீழ்த்த எடுத்த ஆயுதம் சரியான ஆயுதமாக இருக்கவில்லை.

ட்ரூமனும் எஃகு ஆலைகளும்

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை. இதில் கொள்ளைக்காரர்கள் யாரும் இல்லை, சதி எதுவும் இல்லை. நல்ல நோக்கமுள்ள ஓர் அதிபர் எல்லை தாண்டினார்.

1952 ஏப்ரல். கொரியாவில் போர் நடந்துகொண்டிருக்கிறது. எஃகுத் தொழிலாளர் சங்கம் ஊதிய உயர்வு கேட்டது. அரசு அமைத்த ஊதிய வாரியம் ஓர் உயர்வைப் பரிந்துரைத்தது. முதலாளிகள், அப்படியானால் எஃகு விலையை டன்னுக்கு 12 டாலர் ஏற்ற விடுங்கள் என்றார்கள். பேச்சு முறிந்தது. வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, ஏப்ரல் 8 இரவு ஹாரி ட்ரூமன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். எஃகு இல்லாமல் ஆயுதம் இல்லை. ஆகவே ஆலைகளை அரசு கையகப்படுத்துகிறது. வணிகத்துறை அமைச்சர் சார்லஸ் சாயரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன.

சட்டத்தில் வேறு வழி இருந்தது. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி 80 நாட்களுக்கு வேலைநிறுத்தத்தைத் தள்ளிவைக்க நீதிமன்ற ஆணை வாங்கலாம். அந்தச் சட்டத்தை ட்ரூமன் வெறுத்தார். அவருடைய ரத்தாணையை மீறித்தான் காங்கிரஸ் அதை நிறைவேற்றியிருந்தது. தவிர, தொழிலாளர்கள் ஏற்கெனவே பல வாரங்கள் காத்திருந்துவிட்டார்கள்; மறுபடியும் அவர்களையே காக்க வைப்பது அநியாயம் என்று நினைத்தார். அந்த நினைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆலைகளைக் கைப்பற்றலாம் என்று எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லவில்லை. 1947இல் அப்படி ஓர் அதிகாரம் கொடுக்கலாமா என்று யோசித்த காங்கிரஸ், வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தது.

வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிபதி டேவிட் பைன் முன் வந்தது. அரசுத் தரப்பில் உதவி அட்டர்னி ஜெனரல் ஹோம்ஸ் பால்ட்ரிஜ். அன்று நீதிமன்றத்தில் நடந்த கேள்வி-பதில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பேசப்படுகிறது. அதிபரின் அதிகாரத்துக்கு இரண்டே எல்லைகள்தான்: ஒன்று தேர்தல், மற்றது பதவி நீக்கம் என்றார் பால்ட்ரிஜ். அப்படியானால் சாசனம் காங்கிரஸின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்தது, நீதிமன்றத்துக்கு வரம்பு வைத்தது, அதிபருக்கு மட்டும் வைக்கவில்லையா என்று கேட்டார் பைன். எங்கள் கருத்து அதுதான் என்றார் அவர். மறுநாள் பத்திரிகைகளில் அது வெளிவந்ததும் நாடே கொதித்தது. தன் அதிகாரத்துக்குச் சாசனத்தில் வரம்பு உண்டு என்று ட்ரூமனே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 29 அன்று பைன் கையகப்படுத்தியது செல்லாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ட்ரூமனுக்குப் பயம் இல்லை. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள். நான்கு பேர் அவரே நியமித்தவர்கள். அந்த நால்வரில் டாம் கிளார்க் அவருடைய முன்னாள் அட்டர்னி ஜெனரல். நெருக்கடி நேரத்தில் அதிபருக்கு இயல்பாகவே பெரிய அதிகாரம் உண்டு என்று 1949இல் எழுத்திலேயே சொன்னவர். ரூஸ்வெல்ட் நியமித்த ராபர்ட் ஜாக்சனும் ஒருகாலத்தில் அட்டர்னி ஜெனரல்தான். 1941இல் கலிஃபோர்னியாவில் ஒரு விமானத் தொழிற்சாலையை ரூஸ்வெல்ட் கைப்பற்றியபோது அதைச் சரி என்று வாதாடியவர் அவரே.

ஜூன் 2 அன்று தீர்ப்பு வந்தது. 6-3. ட்ரூமன் தோற்றார். கிளார்க்கும், ட்ரூமன் நியமித்த ஹெரால்ட் பர்ட்டனும் அவருக்கு எதிராக நின்றார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரஸுக்குத்தான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் ஹியூகோ பிளாக் எழுதினார். ஆனால் காலத்தால் நிலைத்தது ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்து. காங்கிரஸின் அனுமதியோடு செயல்படும்போது அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும். காங்கிரஸ் மௌனமாக இருந்தால் அது மங்கலான பகுதி. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் பலம் மிகக் குறைவு. இந்த மூன்று படிகள் இன்றுவரை அமெரிக்க நீதிமன்றங்களின் அளவுகோல். அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது நீங்களே இப்படி வாதாடினீர்களே என்ற கேள்விக்கும் அவர் அதிலேயே பதில் சொன்னார். கட்சிக்காரருக்காக வாதாடியதை நீதிபதி தன் தலையில் சுமக்கத் தேவையில்லை.

ட்ரூமன் அன்றைக்கே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் 53 நாள் நீடித்தது. ட்ரூமனுக்குத் தீர்ப்பின் மேல் கடைசிவரை கோபம் இருந்தது. ஆனால் அதை மீறுவது என்ற யோசனைக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் நீதிபதி பிளாக் தன் அலெக்சாண்ட்ரியா வீட்டில் ஒரு விருந்து வைத்து, சக நீதிபதிகளோடு ட்ரூமனையும் அழைத்தார். உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டு விஸ்கி நன்றாகத்தான் இருக்கிறது என்கிற மாதிரி ட்ரூமன் சொன்னதாக நீதிபதி வில்லியம் டக்ளஸ் பிற்பாடு எழுதினார். அமெரிக்க ஜனநாயகம் எதை நம்பி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த மாலைப் பொழுதையும் ஓர் ஆதாரமாகக் காட்டலாம்.

அந்தச் சனிக்கிழமை

நிக்சனின் கதை உலகத்துக்கே தெரியும். 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில், வெள்ளை மாளிகைப் பேச்சுகள் எல்லாம் ஒலிநாடாவில் பதிவாகின்றன என்று நிக்சனின் முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு செனட் குழுவில் போட்டு உடைத்தார். சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் நாடாக்களைக் கேட்டு சம்மன் அனுப்பினார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. நிக்சன் சுருக்கம் தருகிறேன் என்றார். காக்ஸ் மறுத்தார்.

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. காக்ஸை வேலையிலிருந்து நீக்கு என்று அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு நிக்சன் உத்தரவிட்டார். ரிச்சர்ட்சன் நிக்சனின் ஆள்தான். அவருடைய அமைச்சரவையில் அடுத்தடுத்து மூன்று துறைகளைப் பார்த்தவர். காக்ஸ் அவருக்கு ஹார்வர்டில் பாடம் நடத்திய ஆசிரியர். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த ஆண்டு மே மாதம் பதவி ஏற்புக்கு முன், சிறப்பு வழக்கறிஞரின் வேலையில் தலையிட மாட்டேன், மிகக் கடுமையான முறைகேடு இருந்தால் ஒழிய நீக்க மாட்டேன் என்று ரிச்சர்ட்சன் செனட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மத்திய கிழக்கில் போர் நடக்கிறது, சோவியத் தலைவர்கள் என்னைப் பலவீனமானவன் என்று நினைப்பார்கள், தேச நலனைப் பாருங்கள் என்றார் நிக்சன். ரிச்சர்ட்சன் மறுத்தார், ராஜினாமா செய்தார்.

அடுத்தவர் துணை அட்டர்னி ஜெனரல் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ். உங்கள் தலைமைத் தளபதி உத்தரவிட்டிருக்கிறார் என்று வெள்ளை மாளிகையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். அவரும் மறுத்தார். மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க்தான் நீக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றிரவே எஃப்.பி.ஐ. ஆட்கள் காக்ஸின் அலுவலகத்தை முற்றுகையிட்டு சீல் வைத்தார்கள்.

அதிபர் நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் அவர் தோற்றார். இரண்டு பேர் பதவியைத் தூக்கி எறிந்ததைப் பார்த்த மக்கள் தந்திகளாக அனுப்பிக் குவித்தார்கள். சில நாட்களில் அவை ஒரு லட்சத்தைத் தாண்டின. மூன்றாம் நாள் நிக்சன் நாடாக்களைத் தருவதாக ஒப்புக்கொண்டார். காக்ஸின் இடத்தில் லியன் ஜாவர்ஸ்கியை நியமிக்க வேண்டிவந்தது. காக்ஸை நீக்கியதே சட்டவிரோதம் என்று நவம்பரில் ஒரு மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார்.

வந்த நாடாக்களில் ஒன்றில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல். நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், தொலைபேசியை எடுக்கும்போது தவறுதலாகப் பதிவு பொத்தானை அழுத்தியிருக்கலாம் என்றார். எப்படி என்று காட்டவும் செய்தார். ஒரு கை பின்னால் தொலைபேசிக்கு நீண்டிருக்க, இடது கால் எதிர்ப்பக்கம் மேசைக்கடியில் பெடலைத் தொட்டபடி அவர் உடல் முறுக்கிக் கொடுத்த புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு மட்டும்தான் தான் பொறுப்பு என்றார் அவர். குறைந்தது ஐந்து தடவையாவது தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்றது நிபுணர் குழு.

ஜாவர்ஸ்கி மேலும் 64 நாடாக்களைக் கேட்டார். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது: கொடுத்தாக வேண்டும். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர் நிக்சனின் நியமனம். கூடவே நின்ற பிளாக்மனும் பாவலும் அவருடைய நியமனங்கள். அவர் நியமித்த நான்காமவர் ரென்க்விஸ்ட், முன்பு நிக்சனின் நீதித்துறையில் வேலை பார்த்தவர் என்பதால் வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். மூன்று நாள் கழித்து பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு முதல் குற்றச்சாட்டை 27-11 என்று நிறைவேற்றியபோது, ஆதரித்தவர்களில் ஆறு பேர் நிக்சனின் சொந்தக் கட்சி. ஆகஸ்ட் 5 அன்று வெளியான நாடாவில், எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்த சி.ஐ.ஏ.வைப் பயன்படுத்தும் திட்டம் நிக்சனின் குரலிலேயே இருந்தது. 9ஆம் தேதி அவர் பதவியை விட்டுப் போனார். செப்டம்பர் 8 அன்று, அவருக்குப் பின் அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

அதே வழக்கம், வேறு திசை

இந்த வரிசை நிக்சனோடு நிற்கவில்லை. பதவியில் இருக்கும்போது தன் மேல் சிவில் வழக்கு நடக்கக் கூடாது என்று பில் கிளிண்டன் கேட்டபோது, 1997இல் 9-0 என்று நீதிமன்றம் மறுத்தது; அதில் அவர் நியமித்த கின்ஸ்பர்க்கும் பிரேயரும் அடக்கம். தன் நிதி ஆவணங்களை நியூயார்க் அரசு வழக்கறிஞர் கேட்கவே கூடாது என்று டொனால்ட் ட்ரம்ப் வாதாடியபோது, 2020இல் 7-2 என்று மறுத்தது. அவர் நியமித்த கோர்சச்சும் கேவனாவும் எதிராகவே வாக்களித்தார்கள். அந்தத் தீர்ப்பு 1807ஆம் ஆண்டுக்குப் போய்த் தொடங்கியது. ஆரன் பர் மீதான தேசத்துரோக வழக்கில் அதிபர் ஜெஃபர்சனுக்கே சம்மன் அனுப்பலாம் என்று ஜான் மார்ஷல் சொன்ன ஆண்டு அது. அதே 2020 நவம்பரில் பென்சில்வேனியா தேர்தல் முடிவை எதிர்த்த ட்ரம்ப் தரப்பு மனுவைத் தள்ளுபடி செய்து எழுதியவர் நீதிபதி ஸ்டெஃபனோஸ் பீபாஸ். அவரும் ட்ரம்பின் நியமனம்தான்.

2021 ஜனவரி 3, ஞாயிறு மாலை. வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்தில் ஒரு கூட்டம். தற்காலிக அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி ரோசனை நீக்கிவிட்டு, ஜார்ஜியா தேர்தல் முடிவைக் கேள்விக்குள்ளாக்கும் கடிதத்தை அனுப்பத் தயாராக இருந்த ஜெஃப்ரி கிளார்க்கை அந்த இடத்தில் வைக்கலாமா என்று ட்ரம்ப் யோசித்தார். அப்படிச் செய்தால் நீதித்துறையின் தலைமையே கூண்டோடு ராஜினாமா செய்யும் என்று ரோசனும் துணைப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் டோனஹியூவும் மற்றவர்களும் நேருக்கு நேராகச் சொன்னார்கள். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் இதை அவர்களே சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். ட்ரம்ப் அந்த யோசனையைக் கைவிட்டார். மூன்று நாள் கழித்து, மாநிலங்கள் அனுப்பிய வாக்குகளை ஒதுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று துணை அதிபர் மைக் பென்ஸும் மறுத்தார்.

2023இல் இந்தச் சம்பவங்கள் குற்ற வழக்காயின. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அளித்த தீர்ப்பு, இருநூறு ஆண்டுக் கதையில் ஒரு பெரிய திருப்பம். அதிபரின் அடிப்படை அதிகாரங்களுக்குள் வரும் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு. மற்ற அலுவல் செயல்களுக்கு, குறைந்தபட்சம், விலக்கு உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும். தனிப்பட்ட செயல்களுக்கு விலக்கு இல்லை. ட்ரம்ப் நியமித்த மூவரும் பெரும்பான்மையில் இருந்தார்கள். ஏமி கோனி பேரட் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். அப்படி ஒரு விலக்கு இருந்திருந்தால் நிக்சனுக்கு எதற்கு மன்னிப்பு தேவைப்பட்டது என்ற கேள்வி மாற்றுத் தீர்ப்பில் எழுந்தது. அதற்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை. நவம்பரில் ட்ரம்ப் தேர்தலில் ஜெயித்ததும், பதவியில் இருப்பவர் மேல் வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறை விதிப்படி வழக்கு கைவிடப்பட்டது.

தீர்ப்பில் ஒரு பகுதியைத்தான் இந்தக் கதையைத் தொடர்ந்து வந்தவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். நீதித்துறை அதிகாரிகளோடு அதிபர் நடத்தும் பேச்சுகளுக்கு முழு விலக்கு என்கிறது அது. 1973 அக்டோபர் 20 அன்று நிக்சனுக்கும் ரிச்சர்ட்சனுக்கும் நடந்ததும், 2021 ஜனவரி 3 அன்று ஓவல் அலுவலகத்தில் நடந்ததும் இந்த வகைதான். உத்தரவு எவ்வளவு முறைகேடானதாக இருந்தாலும், அதைக் கொடுத்ததற்காக அதிபர் மேல் குற்ற வழக்கு வராது. மறுப்பவரின் நிலை அப்படியே இருக்கிறது. அவருக்கு முன்போலவே ராஜினாமா ஒன்றுதான் கையில். ஆக, சட்டத்தின் பாரத்தில் முன்பைவிட அதிகப் பங்கு அந்த மறுப்பவரின் தோளில் ஏறியிருக்கிறது.

அதனால்தான் ரிச்சர்ட்சன் மறுப்பதற்கு ஐந்து மாதம் முன்பு செனட்டில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அன்றைய நீதிக்குழு அவரைப் பொதுவாக நல்லவராக இருங்கள் என்று கேட்டுக்கொண்டு அனுப்பிவிடவில்லை. சிறப்பு வழக்கறிஞருக்கு என்னென்ன அதிகாரம், எந்தக் காரணத்துக்காக மட்டும் அவரை நீக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கியது. பின்னர் அது நீதித்துறையின் விதியாகவே வெளியிடப்பட்டது. நிக்சன் தேச நலன் என்று பேசியபோது ரிச்சர்ட்சனிடம் மனசாட்சியோடு அந்தத் தாளும் இருந்தது. காக்ஸை நீக்கியது சட்டவிரோதம் என்று நவம்பரில் வந்த தீர்ப்பும் அந்த விதியின் மேல்தான் நின்றது. அடுத்து ஓர் அட்டர்னி ஜெனரலோ நீதிபதியோ ஒப்புதலுக்காக செனட் முன் வந்து உட்காரும்போது, எந்தக் கட்சி செனட்டராக இருந்தாலும் அவரிடம் அதேபோல் கேட்க வேண்டும்: உங்களை நியமித்தவர் சட்டத்தை மீறச் சொன்னால் என்ன செய்வீர்கள், அதை இப்போதே எழுதித் தருவீர்களா?